மூன்று தவணை, மூன்று வழி: கடை மூடியபோது பணம் எங்கே இருந்தது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு மாதிரி நிகழ்வு, எந்த ஒரு நாட்டிலும் வைத்து எழுதியது அல்ல. கொள்முதலில் வழக்கமாக நடக்கும் சிக்கல்களைக் கோத்து, கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக மொத்தத் தொகையை 100 பங்காக வைத்து அமைத்தது. இடையில் வரும் சட்டங்கள், விதிகள், ஆண்டுகள் மட்டும் உண்மையானவை.

நடந்தது

ஒரு சிறிய பயிற்சி நிறுவனம் தன் புதிய அரங்குக்கு ஒலி, ஒளி சாதனங்கள் வாங்க ஒரு வியாபாரியிடம் ஆர்டர் கொடுத்தது. சரக்கு இரண்டு தொகுதியாக வரவேண்டும். முதல் தொகுதியில் ஸ்பீக்கர்கள், ஸ்டாண்டுகள், கேபிள்கள்; மதிப்பு 25 பங்கு. இரண்டாவதில், சொல்லிச் செய்யும் மிக்சர் 30 பங்கு, புரொஜெக்டரும் திரையும் 45 பங்கு.

பணம் மூன்று தவணை. ஆர்டர் கொடுத்த அன்று 30 பங்கு முன்பணம், நிறுவனத்தின் கிரெடிட் கார்டில். முதல் தொகுதி வந்து இறங்கும்போது 40 பங்குக்குச் செக். ஆனால் அதில் இரண்டாம் தொகுதி வரவேண்டிய தேதி போட்டிருக்கும். எல்லாம் பொருத்திச் சரிபார்த்த பிறகு மீதி 30 பங்கு பேங்க் டிரான்ஸ்ஃபர். யோசித்துத்தான் போட்ட ஒப்பந்தம். குறை சொல்ல முடியாது.

முதல் தொகுதி சொன்ன நாளில் வந்தது. செக் கைமாறியது, அதன் தேதிக்கு இன்னும் ஐந்து வாரம். இரண்டு வாரம் போனதும் வியாபாரியிடமிருந்து போன் வந்தது. கடைசித் தவணையை இப்போதே அனுப்பினால் அதில் 4 சதவீதம் தள்ளுபடி என்றார். கணக்காளர், "கார்டில் கட்டட்டுமா?" என்று கேட்டார். "கார்டு இப்ப எடுக்கறதில்லைங்க, மெஷின்ல ஏதோ பிரச்சினை. டிரான்ஸ்ஃபரே பண்ணிடுங்க" என்று பதில். 28.8 பங்கு அன்றே போனது. சில நிமிடங்களில் வியாபாரியின் கணக்கில் வரவும் வைக்கப்பட்டது.

பதினோரு நாள் கழித்துக் கடை மூடிக்கிடந்தது. அடுத்த வாரம் கலைப்பாளரின், அதாவது நொடித்த நிறுவனத்தின் சொத்தைப் பணமாக்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுபவரின், கடிதம் வந்தது: நிறுவனம் திவால், கடனீந்தோர் தங்கள் கோரிக்கைகளை அனுப்பவும்.

அன்றைய நிலவரம் இது. கையை விட்டுப் போனது 58.8 பங்கு. வந்த சரக்கு 25. இடைவெளி 33.8. இன்னும் தேதி வராத 40 பங்குச் செக் ஒன்று வெளியே யாரிடமோ இருக்கிறது.

செக்: கொடுத்த பிறகும் கையில் இருந்த பணம்

செக் என்பது பணம் அல்ல. "இவருக்கு இவ்வளவு கொடு" என்று வங்கிக்கு எழுதிய ஆணை. வங்கி அதைப் பார்த்துப் பணம் கொடுக்கும் வரை எழுதியவர் ஆணையைத் திரும்பப் பெறலாம். கணக்காளர் அதைத்தான் செய்தார்: செக் எண், தொகை, தேதி எல்லாம் குறிப்பிட்டு ஸ்டாப் பேமென்ட் கேட்டு எழுதிக் கொடுத்தார். எழுத்தில் கொடுப்பது முக்கியம். அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பின்படி வாய்மொழியாகச் சொன்ன நிறுத்தம் 14 நாளில் காலாவதியாகிவிடும். எழுத்தில் கொடுத்தது ஆறு மாதம் நிற்கும்.

தேதி தள்ளிப்போட்டு எழுதிய செக் அந்தத் தேதி வரை பத்திரமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இந்தியாவில் தேதிக்கு முன்னால் வங்கி பணம் கொடுக்காது. அமெரிக்காவில், வாடிக்கையாளர் முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்காவிட்டால், வங்கி அதைத் தேதிக்கு முன்பே பாஸ் செய்யலாம். அதில் அதன் தவறு எதுவும் இல்லை. ஆயுளும் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதம், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொதுவாக ஆறு மாதம், ஆஸ்திரேலியாவில் பதினைந்து மாதம்.

நிறுத்தியதோடு கதை முடியவில்லை. ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. வியாபாரி அந்தச் செக்கை அவர்களிடம் கொடுத்துக் கழிவுபோகப் பணம் வாங்கியிருந்தார். நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவர்கள் நாங்கள், சரக்கு வந்ததா வரவில்லையா என்பது உங்களுக்குள் தீர்க்கவேண்டிய விஷயம், எங்களுக்கு 40 பங்கு வரவேண்டும் என்றார்கள். வெற்று மிரட்டல் இல்லை இது. பிரிட்டனின் 1882 உண்டியல் (பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்) சட்டமும் இந்தியாவின் 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டமும் இப்படிப்பட்ட மூன்றாம் ஆளுக்குக் கணிசமான பாதுகாப்பு கொடுக்கின்றன. செக்கைக் கைமாற்றினால்தான் வணிகம் ஓடும் என்ற காலத்தில் எழுதிய சட்டங்கள் அவை.

காப்பாற்றியது கணக்காளரின் பழக்கம். எந்தச் செக்கிலும் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் "அக்கவுண்ட் பேயி" என்று எழுதாமல் அவர் கையெழுத்துக்கு நீட்டுவதில்லை. உதாரணமாக, பிரிட்டனில் 1992 செக்குகள் சட்டத்துக்குப் பிறகு, அப்படிக் கோடிட்ட செக்கை இன்னொருவருக்கு மாற்றவே முடியாது. செக்கின் நகலை அனுப்பியதும் நிதி நிறுவனத்திடமிருந்து மறுகடிதம் வரவில்லை. பேனா இரண்டு கோடு இழுக்க எடுக்கும் நேரத்தில் 40 பங்கு தப்பியது.

செக்கை நிறுத்துவதை விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவின் அதே 1881 சட்டத்தின் 138-ஆம் பிரிவில் திரும்பிய செக்குக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. பணம் இல்லாமல் திரும்பினால்தானே இது, நாம் நிறுத்தியதுதானே என்று சமாதானம் சொல்ல முடியாது. நிறுத்தப்பட்ட செக்குக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இலேயே சொல்லிவிட்டது. கொடுக்கவேண்டிய கடன் எதுவும் இல்லை என்று காட்டும் பொறுப்பு எழுதியவருடையது. சரக்கு வரவில்லை என்பதற்குத் தேதியோடு தாள் இருந்தால்தான் அதைக் காட்ட முடியும்.

கார்டு: கணக்கை யார் எழுதினார்கள் என்ற சண்டை

கார்டில் கட்டிய 30 பங்குக்குச் சார்ஜ்பேக் கேட்டார்கள், அதாவது அந்தப் பணத்தை வியாபாரியிடமிருந்து திரும்ப எடுத்துத் தரும்படி கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்டார்கள். பொருள் வரவில்லை என்பது கார்டு வலையமைப்புகளின் விதிகளில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் காரணம். விசாவில் இதற்கு, பொருள் வரவேண்டிய நாளிலிருந்து 120 நாள். எப்படி இருந்தாலும் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. கடை திவாலானால் யார் தருவார்கள்? வியாபாரிக்குக் கார்டு மெஷின் கொடுத்த வங்கி. வியாபாரியிடமிருந்து வசூலிக்க முடியாததை அந்த வங்கிதான் ஏற்க வேண்டும். கார்டில் கட்டுபவருக்குக் கிடைக்கும் உண்மையான பலம் இதுதான்: சண்டையில், கையில் பணம் உள்ள இன்னொருவரும் எதிர்ப்பக்கம் நிற்கிறார்.

ஆனால் முதல் பதில், கோரிக்கை பெரும்பாலும் நிராகரிப்பு என்று வந்தது. கார்டு கொடுத்த வங்கியின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. "நீங்கள் எங்கள் கார்டில் கட்டியது 30. உங்களுக்கு வந்த சரக்கு 25. முதலில் கட்டிய பணத்துக்கு முதலில் வந்த சரக்கு என்று கழித்தால், எங்களிடம் நீங்கள் கேட்கக்கூடியது 5 மட்டுமே. மற்றது நீங்கள் டிரான்ஸ்ஃபரில் அனுப்பிய பணம்; அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை."

இந்த ஒரு கேள்வி மொத்த நஷ்டத்தையும் தீர்மானிக்கிறது. வந்த 25 பங்குச் சரக்கை எந்தப் பணத்துக்கு எதிரே எழுதுவது? கார்டுப் பணத்துக்கு எதிரே எழுதினால் திரும்புவது 5, நஷ்டம் 28.8. டிரான்ஸ்ஃபர் பணத்துக்கு எதிரே எழுதினால் திரும்புவது 30, நஷ்டம் 3.8. சரக்கும் பணமும் அதேதான். எழுதும் வரிசை மட்டும் மாறுகிறது.

நிறுவனத்தின் நல்ல நேரம், ஆர்டர் படிவத்தில் முன்பணத்துக்கு எதிரே "மிக்சர் செய்யத் தொடங்க" என்று வியாபாரியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கார்டு ரசீதிலும் அதே ஆர்டர் வரி எண். இரண்டையும், மிக்சர் வரவேண்டிய தேதி உள்ள கடிதத்தையும், கலைப்பாளரின் கடிதத்தையும் சேர்த்து மறுபடி அனுப்பினார்கள். 30 பங்கும் கார்டுக் கணக்கில் திரும்பியது.

வாங்கியவர் தனி நபராக இருந்து, இது பிரிட்டனில் நடந்திருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், கார்டு கொடுத்தவர் வியாபாரியோடு சேர்ந்து பொறுப்பாளி. விலையில் ஒரு சிறு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் பொறுப்பு முழு விலைக்கும் உண்டு. அதாவது டிரான்ஸ்ஃபரில் போன பணத்தையும் கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம்! வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது பொருந்தும் என்று 2007-இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அமெரிக்காவும் அதே 1974-இல் கடன் கணக்குத் தகராறுகளுக்குத் தனிச் சட்டம் போட்டது, ஆனால் அதன் வீச்சு குறைவு: தொகை 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், வாங்கிய இடம் அதே மாநிலம் அல்லது வீட்டிலிருந்து 100 மைலுக்குள், கேட்கக்கூடியது கார்டில் இன்னும் கட்டாமல் பாக்கி இருக்கும் தொகை அளவுக்கு மட்டும்.

இரண்டு சட்டமும் நுகர்வோரை மனதில் வைத்து எழுதியவை. கம்பெனி பெயரில் வாங்கினால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் கார்டு வலையமைப்பின் சார்ஜ்பேக் விதிகள்தான். அது சட்ட உரிமை கிடையாது, வங்கிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அதனால்தான் இங்கே படிவத்தில் இருந்த ஒரு வரிக்கு இவ்வளவு கனம் வந்தது.

டிரான்ஸ்ஃபர்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பணம் போனது, சேர்ந்தது, முடிந்தது. வங்கியிடம் கேட்டபோது, நீங்கள் சொன்ன கணக்குக்கு, நீங்கள் சொன்ன தொகையை அனுப்பினோம் என்றார்கள். நியாயமான பதில்தான். வாடிக்கையாளர் தெளிவாகச் சொன்னதை நிறைவேற்றுவதே வங்கியின் கடமை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதி செய்தது. அங்கே 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுப் பணம் அனுப்பியவர்களுக்கு வங்கிகள் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. தனி நபர்களோடு மிகச் சிறு தொழில்களும் அதற்குள் வரும். ஆனால் நேர்மையான வியாபாரி சரக்கு கொடுக்க முடியாமல் நொடித்துப்போவது அந்த விதியின் கணக்கில் மோசடி இல்லை; அது இருவருக்கிடையிலான சாதாரணத் தகராறு. எனவே அங்கே நடந்திருந்தாலும் கதவு மூடியே இருந்திருக்கும்.

மிஞ்சுவது கலைப்பாளரின் வரிசை. அடமானம் வாங்கிய வங்கி, ஊழியர் சம்பள பாக்கி, அப்புறம்தான் அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள். முன்பணம் கொடுத்த வாடிக்கையாளர் அந்தக் கடைசிக் கூட்டத்தில் ஒருவர்.

அந்த நான்கு சதவீதம் எதற்கு?

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது வழக்கமாகக் கட்டணத்தையும் வேகத்தையும் பார்க்கிறோம். டிரான்ஸ்ஃபர் மலிவு, கார்டு விலை கூட, செக் மெதுவு. உண்மைதான். ஆனால் டிரான்ஸ்ஃபரில் கட்டினால் தள்ளுபடி என்று வியாபாரி சொல்லும்போது அவர் நம்மிடமிருந்து எதையோ வாங்குகிறார். அதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்று பார்த்தால் நிறையத் தெரியும்.

கார்டில் வாங்கினால் வியாபாரிக்குக் கட்டணம் போகும். பல இடங்களில் அது 1.5 முதல் 3.5 சதவீதம் வரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல், நுகர்வோர் கிரெடிட் கார்டுகளில் வங்கிகளுக்கிடையிலான கட்டணத்துக்கு 0.3 சதவீதம் உச்சவரம்பு உண்டு. கம்பெனி கார்டுகளுக்கு அந்த வரம்பு இல்லை. கட்டணம் தவிர, பணம் கைக்கு வர ஓரிரு நாள், பிறகு எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய சார்ஜ்பேக். பொருளை வாங்கி வைத்துக்கொண்டே வரவில்லை என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் கணக்கில் எடுத்து ஒரு வியாபாரி டிரான்ஸ்ஃபருக்கு ஒன்றரை, இரண்டு சதவீதம் குறைத்தால் அது நேர்மையான பேரம். மிச்சப்பட்டதைப் பங்கு போடுகிறார், அவ்வளவுதான்.

தள்ளுபடி அந்தக் கட்டணத்தையும் தாண்டினால்? மிச்சப்படாததை அவர் ஏன் கொடுக்க வேண்டும்? தாண்டிய பகுதி அவசரத்தின் விலை. பணம் இன்றே வேண்டும், திரும்பக் கேட்க முடியாத வடிவில் வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் கடைக்கு அப்படி ஒரு தேவை அடிக்கடி வராது.

கூட்டிக் கழித்தால் இப்படி வரும். 100 ரூபாய்க் கடனை 96-க்குத் தீர்க்கிறோம். சரக்கு வந்தால் லாபம் 4, வராவிட்டால் நஷ்டம் 96. நூற்றில் நான்கு தடவைக்கு மேல் இப்படி ஏமாற வாய்ப்பு இருந்தால் தள்ளுபடி கட்டுப்படியாகாது. நூறு வியாபாரிகளில் நான்கு பேர் ஆர்டரின் நடுவில் மூழ்குவார்களா என்று கேட்டால், பொதுவாக இல்லை. ஆனால் நாம் பார்ப்பது பொதுவான நூறு பேரை அல்ல. ஒப்பந்தத்தை மாற்றி, தவணையை முன்னே இழுத்து, கார்டு வேண்டாம் என்று சொல்லும் நூறு பேரை. அவர்களில் நான்கு பேர் என்பது குறைச்சல் என்றே தோன்றுகிறது.

அந்த "மெஷின்ல பிரச்சினை"யும் இதோடு சேர்ந்தது. முன்பணம் வாங்கிப் பிறகு சரக்கு கொடுக்கும் தொழில்களில், கடை விழுந்தால் சார்ஜ்பேக் எல்லாம் தன் தலையில் விடியும் என்று வியாபாரிக்கு மெஷின் கொடுத்த கார்டு வங்கிக்குத் தெரியும். விமான நிறுவனங்கள் விஷயத்தில் இது வழக்கமாகவே நடக்கும்: நிலைமை ஆட்டம் கண்டதும், டிக்கெட் பணத்தைக் கார்டு வங்கி உடனே கொடுக்காமல் பிடித்து வைக்கும், அல்லது பிணை கேட்கும். அப்படிப் பிடித்து வைப்பதே சில நேரம் வீழ்ச்சியை வேகப்படுத்தும். ஆக, ஒரு கடையின் நிலைமை மோசமாவதை வாடிக்கையாளருக்கு முன்னால் அறிவது அந்த வங்கி. வழக்கமாகக் கார்டு எடுத்த கடை திடீரென்று எடுப்பதில்லை என்றால், மெஷின் பழுது என்பது பல காரணங்களில் ஒன்று மட்டுமே. இரண்டு நாள் பொறுத்து மறுபடி கேட்டிருக்கலாம்.

திவால் இல்லாமல் மோசடியாக இருந்திருந்தால்

தவணையை முன்கூட்டிக் கேட்ட அந்த அழைப்பு, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்ற மின்னஞ்சலாகவும் வந்திருக்கலாம். இதில் சிறு நிறுவனம், பெரு நிறுவனம் என்ற பேதம் இல்லை. 2013 முதல் 2015 வரை ஒரு லிதுவேனியர், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனம்போல் நடித்துப் போலி விலைப்பட்டியல்களை அனுப்பி, கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் இருந்து 12 கோடி டாலருக்கு மேல் டிரான்ஸ்ஃபரில் வாங்கினார். நியூயார்க் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை விதித்தது. இரண்டு நிறுவனங்களுமே குவாண்டாவோடு நிஜமாகவே வணிகம் செய்துவந்தவை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கணக்கு எண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே உதவாது. ஐரோப்பாவில் பழக்கமான ஐபான் எண்ணில் சோதனை இலக்கங்கள் உண்டு. முழு எண்ணையும் மாற்றியமைத்து 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். தட்டச்சுப் பிழையைப் பிடிக்க அருமையான ஏற்பாடு. திருடனின் கணக்கு எண்ணுக்கும் மீதி 1-தான் வரும். பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்கும் வசதி சமீபத்தில்தான் பரவியது: பிரிட்டனில் 2020, இந்தியாவில் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டுக்கும் 2025 ஏப்ரல், யூரோ நாடுகளில் 2025 அக்டோபர். பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் அனுப்பாமல், பழைய பில்லில் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த புது எண்ணில் கூப்பிட்டால் திருடனே எடுத்துப் பேசுவான்.

செக்கும் இந்த விஷயத்தில் சுத்தம் என்று சொல்ல முடியாது. கணக்கு எண்ணும் கையெழுத்தும் அச்சாகி ஊர் சுற்றுகிறது. தபாலில் திருடி மையை அழித்துப் பெயரை மாற்றுகிறார்கள். தென்னாப்பிரிக்கா 2020 இறுதியோடு செக்கை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியா 2029 செப்டம்பரோடு நிறுத்தப்போகிறது. நிறுத்தி வைக்கும் வசதிக்காக மட்டும் செக்கை நம்பியிருப்பவர்கள் வேறு ஏற்பாடு தேட வேண்டியிருக்கும். மூன்றாம் ஆளிடம் பணத்தை ஒப்படைக்கும் எஸ்க்ரோ கணக்கு, பெரிய தொகைக்கு வங்கியின் கடன் உறுதிக் கடிதம் என்று வழிகள் உண்டு, ஆனால் சிறு ஆர்டருக்கு அவற்றின் செலவு கட்டாது.

பிறகு

மிக்சருக்கும் புரொஜெக்டருக்கும் வேறு வியாபாரி பிடித்தார்கள். அவர் முழுத் தொகைக்கும் கார்டு எடுக்க மறுத்தார். சொல்லிச் செய்யும் பொருளுக்குச் சார்ஜ்பேக் வந்தால் தனக்கு அந்த மிக்சரை வேறு யாரிடமும் விற்க முடியாது என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. பேசி முடித்தது இது: மிக்சருக்குரிய முன்பணம் கார்டில், அதற்கு 2 சதவீதம் கூடுதலாக நிறுவனமே ஏற்கும், புரொஜெக்டர் பணம், பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகு அதே இடத்தில் நின்று டிரான்ஸ்ஃபர். ஒவ்வொரு தவணையின் எதிரேயும் எந்தப் பொருளுக்கு என்று ஆர்டரில் எழுதப்பட்டது. பின்தேதிச் செக் இந்தத் தடவை இல்லை.

பழைய கணக்கில் மிஞ்சிய 3.8 பங்குக்குக் கலைப்பாளரிடம் கோரிக்கைப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். கணக்காளர் அதை அந்த ஆண்டே வராக்கடனில் எழுதிவிட்டார்.